பொய் ஆஸ்பத்திரியில் ஒரு சாட்சி

ஜெசிந்தா மறுபடியும் மணி அடித்தாள். அந்த வாரத்தில் அது நான்காவது முறை.

எங்கள் அலுவலகத்தின் ஜன்னலோரத்தில் ஒரு பழைய சைக்கிள் மணியைத் திருகி வைத்திருக்கிறோம். எல்லா ப்ராஜெக்டையும் ஒன்றாகச் சேர்க்கும் பில்டில் யாருடைய நிழலாள் பிழையைப் பிடிக்கிறதோ அவர் எழுந்துபோய் அந்த மணியை ஒரு தடவை அடிக்க வேண்டும். பிழை எந்த ப்ராஜெக்டில் இருக்கிறதோ அந்த டீம், தளத்தில் இருக்கிற எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கித் தர வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம். ஆறு வருஷமாக அந்த மணியை அதிகம் அடித்த கை என்னுடையது. ஜெசிந்தா வேலைக்கு வந்த இந்த எட்டு மாதமாகத்தான் தேங்காய் பன் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

என் பெயர் சுலோசனா. வயது நாற்பத்தாறு. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டர். எனக்குப் பொறாமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கச்சி வீடு கட்டியபோது மூன்று நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரிக்குப் புது நாற்காலி வந்தால்கூட என் முதுகு வலிக்கும். ஆனால் பொறாமைப்பட்டு யாருக்கும் ஒரு துரும்பளவு கெடுதல் செய்தவள் இல்லை. எரிச்சலை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெளியே சிரித்துக்கொண்டு, வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறவள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்றைக்கு எங்கள் மென்பொருளை வாங்கப்போகிற ஒரு மருத்துவமனையிலிருந்து டாக்டர் மாதங்கி என்று ஒருவர் வந்திருந்தார். எங்கள் மேனேஜர் நல்லசிவம் அவரை நேராக என் மேஜைக்குத்தான் கூட்டிவருவான் என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். அவன் என்னைத் தாண்டிப் போய் ஜெசிந்தாவின் மேஜையில் நின்றான்.

"நாப்பத்தோரு ப்ராஜெக்ட்னு சொல்றீங்க" என்றார் டாக்டர். "மருந்தகம், படுக்கை, ரத்த வங்கி, சமையல்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா செக் பண்ணிட்டுத்தானே பில்டுக்கு அனுப்புறீங்க? அப்புறம் எதுக்கு மேல இன்னொரு டெஸ்ட்?"

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. முப்பத்துநாலு வயது. மெலிந்த உடம்பு, பெரிய கண். அந்தக் கண்ணை அகல வைத்துக்கொண்டு சொன்னாள்: "டாக்டர், பல்லு ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா நல்லாத்தான் இருக்கும். கடிச்சா மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேராது. மென்னு பாத்தாத்தான தெரியும்? நாங்க மென்னு பாக்கோம். அதுக்குப் பேருதான் ஃபங்ஷனல் டெஸ்ட்."

டாக்டர் சிரித்தார். நல்லசிவம் சிரித்தான். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிற எனக்கு இந்தப் பல் கதை ஏன் தோன்றவில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு மெல்றது? நீங்களா?"

"இல்ல டாக்டர், எங்க நிழலாள். நாங்க 'ஆளு'ம்போம். ஏழு நாளு தலையில ஒரு பட்டையக் கட்டிக்கிட்டு வேலை பாத்தா, நாம எதை முதல்ல பாப்போம், எங்க தயங்குவோம், எதுக்குப் பயப்படுவோம், எல்லாத்தையும் அது பதிஞ்சு வச்சுக்கிடும். அதுல இருந்து ஒரு ஆளு. பில்டு முடிஞ்சதும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய் ஆஸ்பத்திரி தொறக்கும். அதுக்குள்ள எங்க ஆளுங்க ஒருத்தி நர்சு, ஒருத்தி நோயாளிக்குத் துணைன்னு ஒரு நாள் முழுக்க இருப்பாவ. நமக்கு அது நாப்பது நிமிசம். எங்கயாவது சரியில்லன்னா நின்னுருவாவ."

"அப்புறம்?"

"அப்புறம் அழிச்சுருவோம். மறுநாள் புதுசா எழுப்புவோம். அதுக்கு நேத்து நடந்தது ஒண்ணும் தெரியாது. டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போறோம்னுதான் நெனச்சுக்கிட்டு..." அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

டாக்டர் விடவில்லை. "சரி, அந்த ஆள் சும்மாவே பயந்து நின்னுட்டா? எல்லாத்தையும் தப்புன்னு சொன்னா?"

இதற்கு நல்லசிவம் முந்திக்கொண்டான். "அதுக்கு ரெண்டு கண் விதி இருக்குதுங்க. ஒரு ஆள் நின்னா, தலைமை ஆள் போய்ப் பாக்கோணும். அதுதான் சாட்சி. 'பார்த்தேன்'னு சொன்னா பில்டு சிவப்பு, நாங்க நிறுத்திருவோம். 'ஒன்றும் இல்லை'ன்னா இன்னொரு தடவ ஓட்டுவோம். மறுபடியும் 'ஒன்றும் இல்லை'ன்னு வந்தா அது விலக்குப் பட்டியல்ல போயிரும், பில்டு பச்சை. ஒரே மாசத்துல மூணு விலக்கு விழுந்தா அந்த ஆளையே எடுத்துருவோமுங்க. நம்ப முடியாதுன்னு அர்த்தம்."

"தலைமை ஆள் யாரோடது?"

அப்போதுதான் அவனுக்கு என் ஞாபகம் வந்தது. "நம்ம சுலோசனாக்காவோடது. ஆறு வருசமா" என்று கையைக் காட்டினான். நான் சிரித்துவைத்தேன்.

டாக்டர் போன பிறகு அவன் என் மேஜைக்கு வந்து நின்றான். நல்லசிவம் கெட்டவன் இல்லை. கெட்ட செய்தி சொல்லும்போது அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றுவான். சுற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒண்ணாந்தேதியில இருந்து தலைமை ஆளை மாத்தலாம்னு மேல பேசிக்கிறாங்கங்க்கா."

"ஜெசிந்தாவோடதா?"

"ஆமாங்க. உங்க ஆள் புடிச்சதைவிட மூணு மடங்கு புடிச்சிருக்குது. ஆனா இந்த மாசம் அவங்களுக்கு ரெண்டு விலக்கு விழுந்திருக்குது. இன்னும் ஒண்ணு விழுந்தா எல்லாம் முடிஞ்சுதுங்க. அவங்க வேலையே இன்னும் பர்மனென்ட் ஆகலை. ஆள் போச்சுன்னா வேலையும் போயிரும்."

"இன்னும் நாலு நாள் இருக்குது" என்றேன். குரலில் அக்கறை தொனிக்கும்படிதான் சொன்னேன். மனசுக்குள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேண்டீனில் அவள் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தினமும் மத்தியானம் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து, யாருடனோ வீடியோவில் பேசுவாள். சத்தம் வராது. கையை மட்டும் ஆட்டி ஆட்டி, விரலை மடக்கி, கன்னத்தைத் தட்டி, கண்ணை உருட்டி ஒரே நாடகம். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் செய்கிறாள் என்று எனக்குத் தோன்றும். யாருடன் பேசுகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நான் அவளைக் கவனிக்கிறேன் என்று ஆகிவிடுமே.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பில்டு ஆரம்பித்தது. சுவரில் இருக்கும் பெரிய திரையில் நாற்பத்தொரு கட்டங்கள். ஒவ்வொன்றாகப் பச்சையாகும். மருந்தகம் பச்சை. படுக்கை பச்சை. சமையல் கொஞ்சம் இழுத்து அப்புறம் பச்சை. நாற்பத்தொன்றும் முடிந்ததும் கடைசிக் கட்டம், பொய் ஆஸ்பத்திரி, திறந்தது. அன்றைய பில்டு நாலு மணிக்கு அறுபத்துமூன்று மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும்.

ஒன்றரைக்குக் கடைசிக் கட்டமும் பச்சையானது. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு சாம்பல் புள்ளி. விலக்கு ஒன்று. நின்ற ஆள்: ஜெசிந்தா. சாட்சி: சுலோசனா. முதல் ஓட்டம், ஒன்றும் இல்லை. இரண்டாம் ஓட்டம், ஒன்றும் இல்லை.

மூன்றாவது விலக்கு.

மறைக்காமல் சொல்கிறேன், இனித்தது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்த மாதிரி ஒரு நிறைவு. நான் ஒன்றும் செய்யவில்லை. அவளாக வந்தாள், அவளாக விழுந்தாள். என் கை சுத்தம்.

விலக்குப் பட்டியலில் ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும். சீனியர் என்பதால் அது என் வேலை. மூன்று மணிக்குள் போட்டால் போதும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான், ஆட்கள் பேசியதும் செய்ததும் வரிவரியாகப் பதிந்திருக்கும் லாகைத் திறந்து படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. யாருமே போட்டதில்லை. இரண்டு தடவை ஓடி இரண்டு தடவையும் ஒன்றும் இல்லை என்றால் அப்புறம் என்ன படிப்பது?

ஜெசிந்தா வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, என் ஆளு சும்மா நிக்க மாட்டா. ஒரே ஒரு தடவ லாகைத் தொறந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. எனக்கு அதைத் தொறக்க அனுமதி இல்ல."

"ரெண்டு தடவ ஓடிருச்சே அம்மணி."

"தெரியும்க்கா. இங்க வேலை போச்சுன்னா ஊருக்குத்தான் போணும். பையன் ஸ்கூலு இங்க இருக்கு. அந்த மாதிரி ஸ்கூலு எங்க ஊருப் பக்கம் இல்ல. அதான் கேக்கேன்."

எந்த மாதிரி ஸ்கூல் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. "பாக்குறேன், நீ போய்ச் சாப்பிடு" என்றேன்.

திறந்தேன். அவளுக்கு உதவி செய்யத் திறந்தேன் என்று சொன்னால் அது பொய். அவளுடைய ஆள் தடுமாறுவதை, இல்லாததைக் கண்டு பயப்படுவதை, ஒரு வரி விடாமல் படித்து ரசிக்கத்தான் திறந்தேன். எட்டு மாத எரிச்சலுக்கு அவ்வளவாவது வேண்டாமா?

பொய் ஆஸ்பத்திரியில் காலை பத்தே கால். குழந்தைகள் வார்டு. ஏழாம் நம்பர் படுக்கையில் இருந்த பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே படுக்கைக்கு இன்னொரு குழந்தையை மாற்றுகிறார்கள். ஜெசிந்தாவின் ஆள் அந்தக் குழந்தைக்குத் துணை. என் ஆள் நர்ஸ். மருந்து ஏற்றுவதற்கான திரை திறக்கிறது. குழந்தையின் பெயர் சரி. வயது சரி. எடை என்ற இடத்தில் முப்பத்தொரு கிலோ.

அந்தக் குழந்தை பதினொரு கிலோ.

பன்னிரண்டு நொடி அந்த முப்பத்தொன்று நிற்கிறது. அது வீட்டுக்குப் போன பையனுடைய எடை. அப்புறம் தானாகப் பதினொன்றாக மாறிவிடுகிறது. படுக்கை ப்ராஜெக்ட் பெயரை உடனே மாற்றிவிட்டது. மருந்தக ப்ராஜெக்ட் பழைய எடையைப் பன்னிரண்டு நொடி பிடித்து வைத்திருக்கிறது. தனித்தனியாக இரண்டும் சரி. அந்தப் பன்னிரண்டு நொடிக்குள் ஒரு நர்ஸ் அவசரத்தில் பட்டனை அமுக்கினால், பதினொரு கிலோ குழந்தைக்குக் கிட்டத்தட்ட மூன்று பங்கு மருந்து ஏறும்.

ஜெசிந்தாவின் ஆள் சொன்னது லாகில் அப்படியே இருந்தது: "சிஸ்டர், எடையப் பாருங்க. இது இந்தப் பிள்ளை எடை இல்ல."

அடுத்த வரி என் ஆளுடையது: "ஒண்ணுமில்லம்மா. நீங்க போய் உக்காருங்க."

சரி, என் ஆள் பார்ப்பதற்குள் எண் மாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். லாகில் இன்னொரு பகுதி உண்டு. கண் பதிவு. ஆளின் பார்வை எந்த இடத்தில் எத்தனை நொடி நின்றது என்று அதில் இருக்கும். அதையும் திறந்தேன். என் ஆளின் பார்வை முப்பத்தொன்று என்ற எண்ணில் நான்கு நொடி நின்றிருந்தது. பிறகு ஜெசிந்தாவின் ஆளுடைய முகத்தில் இரண்டு நொடி. பிறகு 'ஒன்றும் இல்லை' பட்டனை அமுக்கியிருந்தது.

இரண்டாம் ஓட்டத்தில் வேறு கதை. ஒன்றும் ஞாபகமில்லாமல் புதிதாக எழுப்பப்பட்ட என் ஆள், எடையை ஒரு நொடி பார்த்தது. ஜெசிந்தாவின் ஆள் கூப்பிட்டதும் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பக்கத்துப் படுக்கையின் விரிப்பை மடித்தது. சரியாகப் பன்னிரண்டு நொடி மடித்தது.

அந்த விரிப்பு மடிப்பது எனக்குத் தெரியும். கூட்டத்தில் யாராவது நல்ல யோசனை சொல்லும்போது நான் குனிந்து பையில் பேனாவைத் தேடுவேன். அதே குனிதல், அதே தேடல்.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. என் ஆளை ஆறு வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்தார்கள். ஜெசிந்தா என்ற ஒருத்தி இருப்பதே அதற்குத் தெரியாது. தெரியாத ஒருத்தியின் மேல் எப்படிப் பொறாமை வரும்? யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. அவள் யார் என்பது அதற்கு முக்கியமில்லை. தனக்கு முன்னால் ஒருத்தி பார்த்துவிட்டாள். அது போதும்.

அப்படியென்றால் இது முதல் தடவையாக இருக்க முடியாது.

ஆறு வருஷத்து விலக்குப் பட்டியலைத் தேடினேன். சாட்சியாக என் ஆள் 'ஒன்றும் இல்லை' சொன்னவை மட்டும். இருபத்து மூன்று வந்தது. ஒவ்வொன்றாகக் கண் பதிவைத் திறந்தேன். ஆறில் நிஜமாகவே ஒன்றும் இல்லை. பதினேழில் என் ஆளின் பார்வை பிழையின்மேல் நின்றிருந்தது. பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்லியிருந்தது. மறைக்க முடியாதபடி நின்ற பிழைகளுக்கு மட்டும்தான் அது 'பார்த்தேன்' என்றிருக்கிறது.

பதினேழில் மூன்று, முன்பு எங்களோடு டெஸ்டராக இருந்த அஸ்லமுடையவை. அவனுடைய ஆள் நம்ப முடியாதது என்று எடுத்த மறுமாதம் அவன் வேலையை விட்டுப் போனான். நான்கு, அதே டீமில் இருந்த மங்கையர்க்கரசியுடையவை. அவள் அழுதுகொண்டே போனாள். அவளுக்குப் பிரிவு விழாவில் மாலை போட்டது நான்தான். அஸ்லமுடைய ஆள் ரத்தப் பையின் சீட்டு மாறுகிறது என்று நின்றிருந்தது. நாலு மாதம் கழித்து அதே குறை ஒரு மருத்துவமனையிலிருந்து புகாராக வந்து, அவசரமாகச் சரிசெய்து அனுப்பினோம். யாருக்கு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆறு வருஷமாகத் தலைமை ஆள் என்று நான் நிமிர்ந்து நடந்தது இப்படித்தான். பொறாமையை வயிற்றுக்குள் வைத்திருந்தேன் என்று பெருமைப்பட்டேனே, அந்த வயிற்றையும் சேர்த்துத்தான் பட்டை பதிந்துவைத்திருக்கிறது. வெளியே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அது, நான் செய்ய ஆசைப்பட்டதை எல்லாம் தினமும் பதினொன்றரைக்கு எழுந்து செய்துகொண்டிருந்தது.

மணி இரண்டு நாற்பது.

கையெழுத்துப் போட்டால் எதுவும் வெளியே தெரியாது. ஆனால் அந்தப் பதினொரு கிலோ குழந்தையை நினைத்தபோது அது முடியாது என்று தெரிந்துவிட்டது. அவ்வளவு கெட்டவள் இல்லை நான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடனே இன்னொரு வழி தோன்றியது. இவ்வளவு வேகமாக அது தோன்றியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. லாகைத் திறந்து பார்த்தது நான். பிழையைக் கண்டது நான். மணியை நானே அடித்தால் பில்டு நிற்கும், குழந்தைகள் பிழைக்கும். யார் கண் பதிவைத் திறக்கப்போகிறார்கள்? நிழலாளெல்லாம் கோட்டைவிட்டதைக் கிழவி கண்ணால் பிடித்தாள் என்று பேர் வரும். அவளுடைய ஆள் வேறெதற்கோ பயந்து நின்றது என்று சொல்லிவிட்டால் ஜெசிந்தாவின் விலக்கு விலக்காகவே இருக்கும்.

எழுந்து ஜன்னலுக்குப் போய் மணியை அடித்தேன். தளமே திரும்பிப் பார்த்தது. பச்சைப் பில்டுக்கு யாரும் மணி அடித்ததில்லை.

நல்லசிவம் ஓடிவந்தான். "என்னங்க்கா? நீங்களா புடிச்சீங்க? லாகைப் பாத்தா?"

வாயைத் திறந்தேன். 'ஆமாம்' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எதிரே ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெரிய கண் என் முகத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. நல்லசிவம் இரண்டாவது தடவை "அக்கா?" என்றது மட்டும் கேட்டது.

"ஜெசிந்தாவோட ஆள் புடிச்சது" என்றேன். "ரெண்டு ஓட்டத்துலயும் சரியாப் புடிச்சது. என் ஆள் பாத்துட்டே இல்லைன்னு சொல்லியிருக்குது. இன்னைக்கு மட்டும் இல்ல நல்லசிவம், ஆறு வருசமா. வா, காட்டுறேன்."

பில்டை நிறுத்தினார்கள். கண் பதிவுகளை நல்லசிவம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அடையாள அட்டைக் கயிறு அவன் விரலில் சுற்றிச் சுற்றி இறுகியது. "இதை எப்படிங்க்கா நான் மேல எழுதறது? பொறாமைன்னா எழுத முடியும்?" என்றான்.

"அப்படியே எழுது" என்றேன்.

ஜெசிந்தாவைத் தனியாக மீட்டிங் அறையில் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆள் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. இந்த மாசம் மூணு தடவையும் என் ஆளு சரியாத்தான் பாத்தாளா?"

"சரியாத்தான் பாத்தா."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத்தான் புத்தி பிசகிருச்சுன்னு நெனச்சேன். பாக்கதெல்லாம் தப்பாத் தெரியுதுன்னு. ரெண்டு வருசம் முன்ன எம் பையனக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். ஊசி மருந்து அளவு கூடுதலாத் தெரியுதேன்னு சிஸ்டர்ட்ட சொன்னேன். 'ஒண்ணுமில்லம்மா, நீங்க போய் உக்காருங்க'ன்னாவ. நானும் போய் உக்காந்துட்டேன்." விரலால் காதைத் தொட்டுக் காட்டினாள். "இப்ப அவனுக்குக் காது கேக்காது. கையாலதான் பேசிக்கிடுவோம்."

கேண்டீனில் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்த போனும், அந்த விரல்களும் ஞாபகம் வந்தன. அதைப் போய் நாடகம் என்றேனே. அதன்மேல்கூட எனக்குப் பொறாமை இருந்ததே. அவள் ஆளின் கண் ஏன் எல்லோரையும்விடக் கூர்மை என்று எட்டு மாதமாகப் புழுங்கினேன். எந்த விலை கொடுத்து வாங்கிய கண் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"தப்புத்தான் ஜெசிந்தா" என்றேன்.

"மன்னிச்சேன்னு சொல்லணும்னு எதிர்பாக்காதீங்கக்கா" என்றாள். "இப்ப வரல."

எழுந்து போய்விட்டாள். அவள் செய்தது நியாயம்.

என் ஆளை இனி எழுப்பவே முடியாதபடி பதிவோடு அழித்தார்கள். பதினேழு பிழைகளையும் தோண்டி எடுத்து, சரிசெய்யாமல் கிடந்தவற்றைச் சரிசெய்து, மருத்துவமனைகளுக்கெல்லாம் கடிதம் போனது. மங்கையர்க்கரசியின் நம்பர் கிடைக்கவில்லை. அஸ்லமுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் குழாய்க்கடை வைத்திருக்கிறான். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான். "கஸ்டமர் நிக்கிறாங்க்கா" என்று வைத்துவிட்டான்.

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. புது ஆள் பதியலாம், ஆனால் தலைமை இல்லை, ஜெசிந்தாவின் ஆளுக்குச் சாட்சி மட்டும் என்றான் நல்லசிவம். சம்மதித்தேன். ஏழு நாள் பட்டையைக் கட்டிக்கொண்டு உத்தமியாக இருக்கப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் எல்லோரையும் பாராட்டினேன். மூன்றாம் நாள் ஜெசிந்தா மணியை அடித்தாள். வயிறு பழையபடி எரிந்தது. இதுவும் பதிவாகிறதே என்று பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழற்ற முடியாது. நாற்பத்தாறு வயதில் வேறு வயிறும் கிடைக்காது.

புது ஆளோடு முதல் பில்டு ஒரு புதன்கிழமை. நாற்பத்தொரு கட்டமும் பச்சை. பொய் ஆஸ்பத்திரி திறந்தது. இருபத்தைந்தாவது நிமிஷத்தில் ஜெசிந்தாவின் ஆள் நின்றது. சர்க்கரை நோயாளிகள் வார்டுக்குச் சமையல் ப்ராஜெக்ட் கேசரி அனுப்பியிருந்தது. சாட்சியை அழைத்தார்கள்.

எல்லோரும் திரையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். ஜெசிந்தா மட்டும் நிஜமாகவே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் வந்தது: சாட்சி சுலோசனா. பார்த்தேன்.

கட்டம் சிவப்பானது. யாரோ கைதட்டினார்கள். ஜெசிந்தா எழுந்துபோய் மணியை ஒரு தடவை அடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் போகும்போது, இத்தனை நாள் போல என் நாற்காலியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகாமல், அதை ஒட்டிய வழியாகவே போனாள்.

நல்லசிவம் லாகோடு வந்தான். இப்போதெல்லாம் கண் பதிவைத் தவறாமல் திறக்கிறான். "நல்லா வேலை செய்யுதுங்க்கா. ஆனா ஒரு சின்ன விசயம். கேசரியைப் பாக்க ஒரு செகண்டுதான் ஆச்சு. பட்டனை அமுக்கப் பத்தொம்பது செகண்டுங்க. நடுவுல பார்வை எங்கெங்கயோ போகுது. ஒருக்கா விரிப்பு மேலகூடப் போய் நின்னுட்டு வருது. ட்யூன் பண்ணிக் கொறைச்சுரலாமுங்களா?"

"வேண்டாம் நல்லசிவம்."

"தேவையில்லாத டைம்தானுங்க்கா?"

"அது வேலை செய்யற டைம்" என்றேன். "அதைத் தொடாதே."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். மணி ஒன்றரை ஆகியிருந்தது. அந்நேரம் என் புது ஆளை அழித்திருப்பார்கள். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாள். நாளைக்குப் பதினொன்றரைக்கு மறுபடி எழுப்புவார்கள். இன்றைக்கு அந்தப் பட்டனை அமுக்கியது அவளுக்கு ஞாபகம் இருக்காது. அந்தப் பத்தொன்பது நொடியை நாளைக்கும் முதலிலிருந்து கடக்க வேண்டும்.

நான்கு மணிக்குச் சமையல் டீம் தேங்காய் பன் கொண்டுவந்தது. எனக்குப் பாதி இறங்கியது.